கைப்பேசிக் கச்சேரி

தாலுகா கச்சேரி என்று சொன்னவுடன் ஒரு கட்டடமும், அதன் தாழ்வாரத்தில் காத்து நிற்கும் குடியானவர்களும், மேஜையின்மேல் அடுக்கிய காகிதக் கட்டுகளும் நம் மனக்கண்முன் தோன்றுவது வழக்கம். அந்தக் கச்சேரியின் பெரும்பகுதி இப்பொழுது கட்டடத்தை விட்டு இறங்கி, சிப்பந்திகளின் சட்டைப்பையில் குடியேறிவிட்டது. பாலக்கோடு தாலுகாவில் ஒரு கிராம நிர்வாக அலுவலரோ, கிராம சுகாதார செவிலியரோ, அங்கன்வாடிப் பணியாளரோ தமது மேலதிகாரியை நேரில் காண்பது குறைவு. உத்தரவு வருவதும், பதில் போவதும், கணக்குக் கேட்கப்படுவதும், படம் அனுப்பப்படுவதும் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவின் மூலமாகவே நடைபெறுகின்றன. எந்தச் சட்டமும் இம்மாறுதலைக் கொண்டுவரவில்லை, பழக்கமே கொண்டுவந்தது. பாலக்கோட்டில் நடப்பதுதான் தமிழ்நாட்டின் மற்றத் தாலுகாக்களிலும் நடக்கிறது. ஆகையால் இது ஓர் ஊரின் விஷயமன்று. நமது நிர்வாக முறையின் விஷயமாகும்.

இக்கருவி நல்லதா, கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. பல இடங்களில் சிதறியிருந்து ஒரே காரியத்தைச் செய்யும் ஊழியர்கள் ஒருவரோடொருவர் கலந்து வேலை செய்ய இது உதவுகிறதா, அல்லது மேலிருப்பவரின் சொல் கீழிருப்பவரை இரவும் பகலும் துரத்துவதற்கு மட்டும் பயன்படுகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இரண்டுக்கும் நம்மிடையே உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றை நேயர்கள் முன் வைத்து, நமது அபிப்பிராயத்தையும் கூற விரும்புகிறோம்.

சிதறிக் கிடக்கும் வேலை

ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் தொழிலாளரைப் பற்றியே நாம் அதிகமாகப் பேசி வந்திருக்கிறோம். ஆனால் தருமபுரி ஜில்லாவைப் போன்ற பிரதேசத்தில் வேலையென்பது இயல்பாகவே சிதறிக் கிடப்பது. "அள்ளி" என்று முடியும் பெயர்களைத் தாங்கிய கிராமங்கள், இடையிடையே காடு, கரடு, ஏரி, மலையடிவாரம் என்று பரந்து கிடக்கும் பூமி இது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று, மலைப் பிரதேசத்தில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது துணை சுகாதார நிலையங்களுக்கு வகுத்த விதி. அப்படியானால் ஒரு செவிலியர் ஒற்றை ஆளாகவே தமது எல்லையைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. ஓர் ஐயம் ஏற்பட்டால் பக்கத்து அறைக்குப் போய்க் கேட்க முடியாது. ஏனெனில் பக்கத்து அறையே இல்லை.

கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த ஊர் பாலக்கோடு. கரும்புத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்தச் சிதறலின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை. வெட்டிய கரும்பு காயக் காயச் சர்க்கரைச் சத்து இறங்கும். ஆகவே வெட்டு உத்தரவு கொடுக்கும் களப்பணியாளர், வெட்டுக் கூலியாட்களின் மேஸ்திரி, லாரிக்காரர், எடை மேடைக் கணக்கர், விவசாயி ஆகிய ஐவரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடக்கவேண்டும். ஒருவர் பிந்தினால் மற்ற நால்வரின் உழைப்பும் வயலிலேயே வாடும். தக்காளி மண்டியின் கதையும் இதுவே. பறிப்பு, தரம் பிரிப்பு, வண்டி, வெளியூர் வியாபாரி என்ற நான்கும் ஒரு காலைப் பொழுதுக்குள் சேர்ந்தாக வேண்டும். கைப்பேசி வருவதற்கு முன்பும் இவ்வேலைகள் நடந்தன. ஆனால் ஒரு செய்தியைச் சொல்ல ஓர் ஆள் சைக்கிளில் போகவேண்டியிருந்தது. அந்த அலைச்சல் ஒழிந்தது பெரிய நன்மை என்பதில் சந்தேகமில்லை. எழுதப் பழகாதவரும் குரல் பதிவின் மூலம் தமது சொல்லைச் சபையில் வைக்க முடிகிறது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் ஜனங்கள் கலந்து வாழும் இந்தத் தாலுகாவில் இது சிறிய வசதியன்று.

பக்கத்து ஜில்லாவான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தையும் நினைத்துப் பார்க்கலாம். சர்க்கரை நோயாளிக்கும், இரத்த அழுத்த நோயாளிக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர். படுக்கையில் கிடப்பவருக்கு உடற்பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர். வலி தணிப்புச் செவிலியர் ஒருவர். இவர்கள் வெவ்வேறு நாட்களில் ஒரே வீட்டுக்குப் போகிறவர்கள். ஒருவர் கண்டதை மற்றவர் அறியாவிட்டால், மூவர் போயும் நோயாளிக்கு ஒருவர் போன பலன்கூடக் கிட்டாது. சிதறிய ஊழியர்களை ஒன்றுசேர்க்கும் கருவி எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தந்தியும் வாட்ஸ்அப்பும்

ஆயினும், கருவி கைக்கு வந்துவிட்டால் அதன் பலனும் தானே வந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. இந்தியாவில் பொதுஜனங்களுக்குத் தந்தி வசதி 1855-ல் ஏற்பட்டது. 2013 ஜூலையில் அது நிறுத்தப்பட்டது. அந்த நூற்றைம்பத்தெட்டு ஆண்டுகளில் தந்தி கொடுத்தவர் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பார்த்தே எழுதினார். ஏன்? சொல்லுக்குக் காசு அவரே கொடுக்கவேண்டியிருந்தது. "இது அவசியந்தானா?" என்ற கேள்வி அனுப்புகிறவரின் மடியைத் தொட்ட கேள்வியாக இருந்தது.

இன்றைய கருவியில் அனுப்புகிறவருக்குச் செலவு இல்லை. 2009-ல் தோன்றி, 2014-ல் பேஸ்புக் ஸ்தாபனத்தால் வாங்கப்பட்ட வாட்ஸ்அப்பில் 2022 முதல் ஒரே குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். மேலதிகாரி ஒருவர் இரவு பத்து மணிக்கு ஒரு வரி எழுதினால், நூறு பேர் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். அவருக்கு ஆன செலவு அரை நிமிஷம். நூறு ஊழியர்களுக்கு ஆன செலவு நூறு வீடுகளின் இரவுப்பொழுது. அடுத்து, அவ்வரியைப் பார்த்ததற்கு அடையாளமாக நூறு பேரும் கும்பிடு படத்தைப் போடுகிறார்கள். அந்த நூறு கும்பிடுகளையும் நூறு பேரும் பார்க்கவேண்டியிருக்கிறது. அவற்றின் நடுவே யாரோ ஒரு செவிலியர் மருந்து இருப்பைப் பற்றிக் கேட்ட உண்மையான கேள்வி மூழ்கிப் போகிறது. தந்தியின் விலையை அனுப்பியவர் கொடுத்தார். இதன் விலையைப் பெறுகிறவர் கொடுக்கிறார். இந்த ஒரு வித்தியாசத்தை நாம் நன்றாக உணர்ந்தால், மற்றக் கேடுகளின் மூலமும் விளங்கிவிடும்.

வால்பாறை காட்டிய வழி

பெறுகிறவரின் தேவையை முதலில் வைத்து இதே கருவியை அமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வால்பாறை சாட்சி. ஆனைமலையின் மேல், சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேயிலைத் தோட்டப் பீடபூமி அது, சுற்றிலும் காடு. தோட்டத் தொழிலாளர்கள் லயன் வீடுகளில் சிதறி வாழ்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து திரும்புகையில் யானை எதிர்ப்பட்டு உயிரிழந்தோர் அநேகர். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாரும் அவருடைய சகாக்களும், வனத்துறையாரோடும் தோட்டத்தாரோடும் சேர்ந்து, யானைகள் அன்றன்று நிற்கும் இடத்தை அறிந்து உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாக வெளியிட்டனர். பின்னர் 2011 வாக்கில் அதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பத் தொடங்கினர். முக்கியமான சந்திப்புகளில் சிவப்பு விளக்குகளும் அமைக்கப்பட்டன. அவற்றை எரியவைக்கும் அதிகாரம் தூரத்து அலுவலகத்தில் இல்லை. அந்தந்த இடத்தில் வசிக்கும் பொறுப்பாளர் தமது கைப்பேசியிலிருந்தே விளக்கை ஏற்றலாம். இம்முயற்சிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி பரிசு கிடைத்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியவை மூன்று. யானை நிற்கும் இடத்துக்கு அருகில் வசிப்பவருக்கே செய்தி போகிறது, ஊரெல்லாருக்கும் போவதில்லை. செய்தி மேலிருந்து கீழே மட்டும் வருவதில்லை. யானையை முதலில் கண்ட தொழிலாளியே செய்தியின் ஊற்று. பெறுகிறவர் செய்தியைக் கேட்டு ஒரு காரியம் செய்ய முடிகிறது. விளக்கை ஏற்றலாம், வழியை மாற்றலாம், பஸ்ஸைத் தாமதிக்கச் செய்யலாம்.

பாலக்கோட்டாருக்கு இது தூரத்துச் சங்கதியன்று. 2023 மார்ச் 7-ஆம் தேதி விடியற்காலையில், மாரண்டஅள்ளிக்கு அருகே காளிகவுண்டன்கொட்டாயில், சட்டவிரோதமான மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. தேசமெங்கும் பத்திரிகைகளில் அந்தப் படம் வந்தது. மின்வேலியிட்டது குற்றமே. ஆனால் பயிரைக் காக்க வழி தெரியாத விவசாயி, இரவில் காட்டோரம் நடக்கும் வனக் காவலர், மின்கம்பியைப் பார்வையிடும் கம்பியாளர் ஆகிய மூவரும் ஒரே கிராமத்தைச் சுற்றி வந்தும், வெவ்வேறு இலாகாக்களின் குழுக்களில் இருப்பவர்கள். அவரவர் குழுவில் மேலே பேசுவார்கள். பக்கத்தில் பேசுவதற்கு வாசல் கிடையாது. வால்பாறையில் திறந்துவிட்டது அந்தப் பக்கத்து வாசலையே.

அயல்நாட்டாரின் அனுபவம்

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. 2020-ல் கொள்ளை நோய் பரவியபோது உலகெங்கும் அலுவலகங்கள் மூடப்பட்டு, ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாயினர். ஐக்கிய அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் ஸ்தாபனத்தின் 61,182 ஊழியர்கள் அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் ஒருவரோடொருவர் தொடர்பு கொண்ட முறையை ஆராய்ந்து, 2021-ல் ஒரு கட்டுரை வெளியிடப்பட்டது. அந்த ஆராய்ச்சியின் முடிவு சிந்திக்கத் தக்கது. தத்தம் குழுவுக்குள் இருந்த தொடர்பு நெருங்கிற்று. ஒரு குழுவுக்கும் மற்றொரு குழுவுக்கும் இருந்த பாலங்கள் குறைந்தன. நேருக்கு நேர் பேசுவதும் அழைத்துப் பேசுவதும் குறைந்து, எழுதி அனுப்புவது மிகுந்தது. புதிய செய்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்வது இதனால் கடினமாகும் என்று ஆராய்ந்தவர்கள் அஞ்சினர். பெரும் பொருளும், சிறந்த கருவியும், கற்ற ஊழியரும் உள்ள ஸ்தாபனத்திலேயே இப்படியென்றால், மாரண்டஅள்ளியின் வனக் காவலரும் கம்பியாளரும் தனித்தனிக் கூண்டில் இருப்பதில் வியப்பென்ன?

மற்றோர் அனுபவமும் கூறத் தக்கது. "ஸ்லாக்" என்று உலகமெங்கும் அலுவலகங்களில் வழங்கும் கருவி, வியாபாரத்துக்கென்று முதலில் செய்யப்பட்டதன்று. கணினி விளையாட்டொன்றைத் தயாரித்து வந்த சிறிய கூட்டத்தார், வெவ்வேறு நகரங்களில் இருந்துகொண்டு தமக்குள் பேசித் தீர்ப்பதற்காக அதை அமைத்துக்கொண்டனர். விளையாட்டு 2012-ல் கைவிடப்பட்டது, கருவி பிழைத்தது. 2014-ல் பொதுஜன உபயோகத்துக்கு வந்து, 2021-ல் சுமார் 2,770 கோடி டாலருக்கு மற்றொரு ஸ்தாபனத்தால் வாங்கப்பட்டது. வேலை செய்கிறவர்களே தம் தேவைக்கு அமைத்த கருவி என்பதே அதன் வெற்றிக்குப் பெருங்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

நமது நாட்டிலும் சுதேசி முயற்சி இல்லாமலில்லை. 1996-ல் தொடங்கப்பட்ட ஸோஹோ ஸ்தாபனம், 2011-ல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பெருநகரத்துக்குக் குடிபெயராமலே கிராமத்து இளைஞர் உலக வியாபாரத்துக்கான மென்பொருளை எழுதலாம் என்பது அங்கே நிரூபணமாயிற்று. அலுவலகக் கலந்துரையாடலுக்கென "கிளிக்" என்ற கருவியையும், பொதுமக்களுக்கென 2021-ல் "அரட்டை" என்ற கருவியையும் அந்த ஸ்தாபனத்தார் வெளியிட்டிருக்கின்றனர். நமது சர்க்கார் அலுவல்கள் அன்னியக் கம்பெனியொன்றின் கருவியில் நடப்பதைவிட, நம் சட்டத்துக்கு உட்பட்ட ஏற்பாட்டில் நடப்பது மேல் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் கருவி சுதேசியானால் மட்டும் போதாது. இரவு பத்து மணிக்கு வரும் வீண் உத்தரவு, சுதேசிக் கருவியில் வந்தாலும் வீண் உத்தரவே.

படம் பிடிக்கும் வேலை

கருவி கண்காணிப்பாக மாறினால் விளைவு என்ன என்பதை நூறு நாள் வேலைத் திட்டத்தில் கண்டோம். 2021 மே மாதத்தில் அத்திட்டத்துக்கென்று ஒரு கைப்பேசிச் செயலி அறிமுகமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர், தினம் இருமுறை தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்து ஏற்றவேண்டும். அலைத்தொடர்பு கிட்டாத இடங்களில் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி நிற்கும். வெயிலில் மண் வெட்டியவள் கூலிக்கு மண்ணை நம்பியிருக்கவில்லை, அலைவரிசையை நம்பியிருந்தாள்.

சரி, இவ்வளவு கட்டாயத்துக்குப் பின் மோசடியாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய கிராம அபிவிருத்தி அமைச்சகமே மாகாணங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், படத்தையே மறுபடி படம் பிடித்து ஏற்றுவதையும் எடுத்துக் காட்ட நேர்ந்தது. நம்பிக்கை வைக்காத மேலிடம் படம் கேட்டது. படம் கேட்ட மேலிடத்துக்குப் படம் கிடைத்தது. வேலையைப் பற்றிய உண்மை கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே நோய் பரவி வருகிறது. கூட்டம் நடந்ததற்குப் படம், மரம் நட்டதற்குப் படம், பள்ளிக்குழந்தை உண்டதற்குப் படம். பதிவேட்டில் ஒருமுறை, செயலியில் ஒருமுறை, குழுவில் ஒருமுறை என்று ஒரே தகவலை மும்முறை கொடுக்கும் ஊழியருக்கு, அந்தத் தகவல் எதைப் பற்றியதோ அந்த வேலையைச் செய்ய நேரம் எங்கே?

அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், தன்னார்வலர் ஆகியோரில் பெரும்பாலோர் ஸ்திரீகள் என்பதையும் மறக்கலாகாது. அவர்களுடைய சொந்தக் கைப்பேசி எண், அறிமுகமில்லாத நூறு பேருக்கு முன் வைக்கப்படுகிறது. நோயாளியின் படமும் பெயரும் கூடச் சில வேளைகளில் குழுவில் போடப்படுகின்றன. தனிநபர் தகவலைப் பாதுகாப்பதற்கென 2023-ல் பார்லிமெண்டு ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. இயற்றிய சர்க்கார்களே அதன் கருத்தை முதலில் அனுசரிக்கவேண்டாமா?

சட்டத்தின் நிலை

நியாயஸ்தலங்கள் இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டத் தொடங்கியிருக்கின்றன. பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1-ல் இணைந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி உண்டாயிற்று. மாகாணமெங்கும் கிளைகள் உள்ள அந்த வங்கியின் ஊழியர் ஒருவர், சக ஊழியர்கள் அடங்கிய வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளின் நடவடிக்கையைப் பரிகசித்து எழுதினார் என்று அவர்மீது குற்றச்சாட்டுக் குறிப்பாணை பிறந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2023-ல் அதை ரத்து செய்தார். மனக்குறையைக் கொட்டித் தீர்க்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. தம்முள் பேசிக்கொள்வது நேரிலிருந்தால் தண்டனைக்குரியதாகாது என்றால், கைப்பேசிக் குழுவில் நடந்ததாலேயே தண்டனைக்குரியதாகிவிடாது. ஸ்தாபனத்தின் நற்பெயருக்கு உண்மையிலேயே பங்கம் வந்தாலன்றி நிர்வாகம் தலையிடலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை நாம் மனமார வரவேற்கிறோம். அது ஊழியர்களின் சொந்தக் குழுவைப் பற்றியது. அதன் உட்கருத்தை அலுவல் குழுவுக்கும் விரிக்கவேண்டும் என்பது நமது வாதம். "இந்தக் காரியம் எங்கள் ஊரில் நடவாது, காரணம் இன்னது" என்று ஒரு களப்பணியாளர் குழுவில் எழுதினால், அது கீழ்ப்படியாமை அன்று. அது அவருடைய கடமை. அந்த ஒரு வரியை எழுத அஞ்சும் குழுவில் ஆயிரம் பேர் இருந்தாலும், அங்கே ஒரே ஒருவரே பேசுகிறார் என்று பொருள்.

கைப்பேசிச் செய்தி சட்டபூர்வமான உத்தரவுக்கு ஈடாகுமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, விசாரணைக்கு ஆஜராகும்படி போலீஸார் விடுக்கும் அறிவிப்பை வாட்ஸ்அப் மூலம் அனுப்பலாகாது. சட்டம் விதித்த முறைப்படியே சேர்ப்பிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. ஒருவருடைய சுதந்திரத்தைத் தொடும் சொல் உரிய முறையில் வரவேண்டும் என்பது அதன் தத்துவம். ஓர் ஊழியரின் பணியையும் மானத்தையும் தொடும் சொல்லுக்கு மட்டும் அத்தத்துவம் பொருந்தாதா? அன்றியும், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மின்னணு வடிவிலுள்ளதையும் தகவலாகவே கணக்கிடுகிறது. ஆனால் குழுச் செய்திகள் குறித்த நாட்களுக்குப் பின் தாமே மறையும்படி செய்யும் வசதி 2020-லேயே வந்துவிட்டது. வாய்மொழியாக உத்தரவிட்டுப் பின்னர் மறுத்த பழைய அதிகாரியைக் காட்டிலும், எழுதி அனுப்பிப் பின்னர் மறையச் செய்யும் புதிய அதிகாரி ஆபத்தானவர். காரியம் கெட்டால் பழி களத்தில் நிற்பவர் தலையில் விடியும். உத்தரவின் சுவடு இராது.

வேலை நேரத்துக்குப் பின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமையை பிரான்ஸ் தேசம் 2017 ஜனவரி 1 முதல் சட்டத்தில் ஏற்றது. ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் ஏற்றது. நமது லோக்சபையில் ஸ்ரீமதி சுப்ரியா சுலே 2018-ல் இதற்கெனத் தனி உறுப்பினர் மசோதாவொன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. களப்பணியில் அவசரம் நேரும், அன்னியச் சட்டம் அப்படியே பொருந்தாது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பிரசவ வேதனைக்கும் வெள்ளத்துக்கும் கடிகாரம் கிடையாது என்பதை நாமும் அறிவோம். ஆகையால்தான் உண்மையான அவசரத்தையும் மேலதிகாரியின் அவசரத்தையும் பிரித்துக் காட்டும் விதி வேண்டுமென்கிறோம்.

செய்யவேண்டியவை

ஜில்லா நிர்வாகமே, புதிய சட்டத்துக்குக் காத்திராமல், சில ஏற்பாடுகளைச் செய்யலாம். உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான அவசரங்களுக்கென்று தனிக் குழுவொன்று இருக்கட்டும். அதில் வேறெதுவும் எழுதலாகாது. மற்றக் குழுக்களில் அலுவல் நேரத்துக்கு வெளியே அனுப்பும் செய்திக்கு மறுநாள் காலைவரை பதில் எதிர்பார்க்கலாகாது. குழுச் செய்தி அறிவிப்பு மட்டுமே; உத்தரவு கையொப்பத்தோடு கோப்பில் வரவேண்டும். குழுச் செய்தியைக் காணத் தவறியதை மட்டும் காரணமாகக் கொண்டு எவர்மீதும் நடவடிக்கை எடுக்கலாகாது. பதிவேட்டிலோ செயலியிலோ ஒருமுறை கொடுத்த தகவலை மறுமுறை கேட்கிறவர், அதன் காரணத்தை எழுதிக் கேட்கட்டும். அலுவலுக்கான கைப்பேசியையும் அதன் மாதச் செலவையும் சர்க்கார் ஏற்கட்டும். ஊழியரின் சொந்த எண் அவருடைய சொந்த எண்ணாகவே இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மற்றொன்று. இலாகாவுக்கு ஒன்றாக இருக்கும் குழுக்களோடு, ஊராட்சிக்கு ஒன்றாகப் பக்கத்துக் குழுவும் வேண்டும். அந்த ஊரைச் சுற்றிவரும் செவிலியர், வனக் காவலர், கம்பியாளர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம நிர்வாக அலுவலர், பள்ளி ஆசிரியர், ஊராட்சித் தலைவர் ஆகியோர் அதில் சமமாக இருக்கட்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழைக் கம்பியால் இணைப்பதற்கென்று சர்க்கார் ஒரு கழகத்தையே அமைத்திருக்கிறது. கம்பியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தக் கழகத்தின் வேலை. கம்பியின் இருபுறமும் பேச்சு நடக்கச் செய்வது நிர்வாகத்தின் வேலை.

இக்கருவியை மாற்ற முடியாது, அது வந்த வழியே போகும் என்று சிலர் கைவிரிக்கின்றனர். 2018-ல் குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்திகள் பரவி, நம் நாட்டின் பல பாகங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டபோது, அதே வாட்ஸ்அப் கம்பெனி ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு கட்டியது. மனிதர் செய்த கருவிக்கு மனிதர் வரம்பு கட்டலாம் என்பதற்கு அது ஒன்றே போதுமான சான்று.

நமது அரசியல் ஊழியர்களுக்கும் இதில் கடமை உண்டு. கட்சிக் கிளைகளும் சங்கங்களும் இன்று இதே குழுக்களால்தான் நடத்தப்படுகின்றன. அங்கேயும் தலைவர் எழுத, தொண்டர் கும்பிடு போடும் வழக்கமே பெருகி வருகிறது. சர்க்காரிடம் நாம் கேட்கும் நியாயத்தை முதலில் நம் சங்கத்தில் நடத்திக் காட்டுவோமாக. அடுத்தமுறை குழுவில் ஒரு வரி எழுதுமுன், தந்தி கொடுத்த நம் முன்னோரைப் போல, இச்சொல் எத்தனை பேருடைய பொழுதை வாங்குகிறது என்று எண்ணிப் பார்ப்போம். கிராமத்தில் நிற்கும் கடைசி ஊழியர் "முடியாது" என்று எழுதினால், ஏன் முடியாது என்று கேட்டு, முடியும் வழியை அவரோடு சேர்ந்து தேடுவோம். பாலக்கோட்டு ஜனங்களுக்கு வேண்டிய கச்சேரி அதுவே.